சீழில் இல்லாதவர்கள்

அந்த ஆஸ்பத்திரியில் குருவைவிட சீடர் மூத்தவர். தொற்றுநோய் மருத்துவர் நஸ்ரினிடம் பாடம் கேட்க வந்த அருளானந்தம், நரைத்த அறுவை மருத்துவர். கத்தி பிடித்துப் பழகிய கைக்குப் பொறுமை கொஞ்சம் குறைச்சல்தான்.

சவரிமுத்து என்ற மீனவரின் காலில் கெளுத்தி முள் குத்திய புண், வீங்கி முழங்காலைத் தாண்டியிருந்தது. கிருமி எந்த ஆன்டிபயாடிக்குக்கும் மசியவில்லை. கடைசியாகக் கொடுத்த மருந்துக்கு அது சோதனைக் கூடத்தில் செத்தது. காலில் சாகவில்லை.

"இனிமே வேற மருந்து இல்ல மேடம். தொடையோட எடுத்துடலாம்," என்றார் அருளானந்தம்.

நஸ்ரின் புண்ணின் கசிவைக் கண்ணாடியில் தடவி, சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்தார்.

"என்ன தெரியுது சார்?"

"கிருமி. அப்பிக் கிடக்கு."

"யாரு இல்ல?"

அருளானந்தம் மறுபடி குனிந்தார். கிருமியோடு மல்லுக்கு நிற்கவேண்டிய வெள்ளையணுக்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருந்தன.

நஸ்ரின் நேராக வார்டுக்குப் போய், சவரிமுத்து என்ன சாப்பிடுகிறார் என்று அவர் மனைவி பிலோமினாவிடம் விசாரித்தார். வெறும் கஞ்சிதான் என்றார் பிலோமினா, பெருமையாக. மீன், முட்டை, பருப்பு எல்லாம் சீழ் வைக்குமாம். கடலில் பிறந்த மனுஷனுக்கு மீன் வாடைகூடக் காட்டவில்லையாம்.

நஸ்ரின் கோபப்படவில்லை. அதே மருந்தைத் தொடர்ந்தார். கூடவே வெள்ளையணுக்களைப் பெருக்கும் ஊசி ஒன்றைச் சேர்த்தார். தினமும் மீனும் முட்டையும் கொடுக்கச் சொன்னார். காலை எடுப்பதற்கு வெள்ளிக்கிழமை வரை தவணை கேட்டு வாங்கினார். அருளானந்தம் அரைமனதோடுதான் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை கட்டைப் பிரித்ததும் சீழ் குபுகுபுவென்று வந்தது. பிலோமினா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"நாந்தான் மீனக் குடுத்துக் கெடுத்துட்டேன் டாக்டரம்மா."

அருளானந்தம் அறுவை அரங்குக்குச் சொல்ல போனை எடுத்தார்.

"ஒரு தடவை இந்தச் சீழை மைக்ராஸ்கோப்புல பாத்துட்டுப் பேசுங்க சார்," என்றார் நஸ்ரின்.

பார்த்தார். கண்ணாடி முழுக்க வெள்ளையணுக்கள். பலவற்றின் வயிற்றுக்குள் விழுங்கிய கிருமிகள் கிடந்தன. திரும்பி வந்து காலைத் தொட்டார். வீக்கம் முழங்காலுக்குக் கீழே இறங்கியிருந்ததை அப்போதுதான் கவனித்தார். போனைச் சட்டைப்பையில் போட்டார்.

"அப்போ மருந்து ஒண்ணும் செய்யலையா மேடம்?"

நஸ்ரின் குனிந்து, பிலோமினா காலடியில் வைத்திருந்த மீன்குழம்புத் தூக்குவாளியை எடுத்து மறுபடி அவர் கையிலேயே கொடுத்தார்.

"திருடனை மருந்து அடிச்சுக்கிட்டேதான் இருந்துச்சு சார். வீட்டுக்காரங்க இப்பதான் எந்திரிச்சு வந்திருக்காங்க."