சடுகுடு ஆடிய ராஜாவும் சரிந்த தோளும்

அவரைக்காய் நார் உரிக்கிற கை உரிக்கட்டும், வாய் சும்மாதானே இருக்கு, கேளுங்க. முன்னொரு காலத்தில் நாவற்குடிச் சீமையைப் பூமாலைராயன் என்று ஒரு ராஜா ஆண்டு வந்தார்.

ஒருநாள் அவருக்குச் சின்ன வயசு ஞாபகம் வந்துவிட்டது. ஆற்று மணலில், உடம்பெல்லாம் புழுதியாக, பொழுது சாய்வது தெரியாமல் சடுகுடு ஆடிய நாட்கள்! "இப்பவே ஆடணும்!" என்று வீரர்களை முற்றத்தில் நிறுத்தி, மூச்சுப் பிடித்துப் பாடிக்கொண்டே பாய்ந்தார். ராஜாவை யார் தொடுவது? எல்லோரும் கும்பிட்டு விலகிக்கொண்டார்கள். பிடிக்க ஆளில்லாமல் ஓடியவர், கால் இடறி, வலது தோள் நுனி தரையில் மோத விழுந்தார்.

தோள்மேல் எலும்பு துருத்தி நின்றது. கை எழும்பவில்லை. "இனி இந்தக் கையால் வாளே பிடிக்க முடியாதா?" ராஜாவுக்குக் கண் கலங்கியது.

சேனாதிபதி மல்லப்பன் மீசையை முறுக்கினான். மந்திரி அறவாழியைக் கண்டாலே அவனுக்கு ஆகாது. "மூட்டு நழுவியிருக்கு மகாராஜா. நாலு பேர் பிடித்து இழுத்தால் டக்கென்று உட்கார்ந்துவிடும். மந்திரியாருக்குப் பயமாயிருந்தால் கண்ணை மூடிக்கொள்ளட்டும்!"

அறவாழி தோளைத் தொட்டுப் பார்த்தார். கை மூட்டு அதன் குழியில்தான் இருந்தது. மேலே கழுத்தடியிலிருந்து வரும் காறை எலும்பைத் தோளோடு கட்டியிருந்த நார்தான் அறுந்திருந்தது. சொன்னால் ராஜா கேட்கிற ஆளா? அந்தப் பக்கம் காவடிக்கம்பில் தண்ணீர்க் குடம் சுமந்து போனவரை நிறுத்தி, ஒரு குடத்தின் கயிற்றைக் கத்தியால் பாதி நறுக்கினார். குடம் சரிந்து தொங்கியது.

"சேனாதிபதியாரே, கம்பு மேலே நிக்குது, குடம் கீழே இறங்குது. உங்க வைத்தியத்தை இதுக்குக் காட்டுங்க."

மல்லப்பன் குடத்தைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தான். மிச்சக் கயிறும் அறுந்து, குடம் அவன் காலிலேயே விழுந்து உடைந்தது. "ஐயோ அம்மா!" என்று ஒற்றைக் காலில் குதித்தான். முற்றமே சிரித்தது. ராஜாவும் சிரிக்கப்போய், தோள் வலித்து "யப்பா!" என்றார்.

"பார்த்தீங்களா மகாராஜா? கம்புதான் உங்க காறை எலும்பு, குடம்தான் கை, கயிறுதான் நார். அடியில் தாங்கணும், இழுக்கக் கூடாது. உங்க கையையும் துணியில் தூளி கட்டிப் போடுவோம். குளிர்ந்த ஈரத்துணி வைப்போம். நார் கூடினதும் மெல்ல மெல்ல அசைக்கலாம். மேடு கொஞ்சம் நின்றாலும் நிற்கும், கை பிழைத்துக்கொள்ளும்."

"அதுவரைக்கும் நான் எப்படிச் சாப்பிடுவது?"

"சேனாதிபதியார் கைக்கு ஒன்றும் ஆகலையே!"

அன்று முதல் மல்லப்பன்தான் நெய்ச்சோறு உருட்டினான். "ஆ காட்டுங்க மகாராஜா." "நிலாவைக் காட்டு, அப்பத்தான் வாங்குவேன். எங்கம்மா அப்படித்தான் ஊட்டுவாள்" என்று ராஜா அடம்பிடிப்பார். மீசைக்காரனும் முகம் சிவக்க வானத்தைக் காட்டுவான்.

நார் கூடிய பிறகு ஒருநாள், அதே வலது கையைத் தூக்கி, தன் முத்துமாலையை அறவாழி கழுத்தில் போட்டார் ராஜா. பிறகு மல்லப்பன் பக்கம் திரும்பி, "கை சரியாகிவிட்டது, நீ போகலாம். ஆனால் ராத்திரிச் சோறு மட்டும் இனிமேலும் நீதான் வந்து எனக்கு ஊட்டணும்" என்று...

அடடா, அடுப்படியிலிருந்து அத்தை காய் கேட்டுக் கூப்பிடுறாங்க, கதை அவ்வளவுதான். இதோ வர்றேன் அத்தை!