கடல் தாண்டி வந்ததெல்லாம்

துறைமுகத்துக்கு மேலே, குன்றில் ஒரு ஜப்பானிய மடம். அங்கிருந்த ரியோகெய் என்ற சீடனுக்கு ஒரு கடிகாரத்தைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். வெள்ளைக்கார மாலுமி ஒருவன் மடத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனது அது.

கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. அந்நியக் கப்பலில் வந்த காலராதான் அவன் சின்னத் தங்கை சாயோவைக் கொண்டுபோனது; தண்ணீர், தண்ணீர் என்று கேட்டுக்கொண்டே போனாள். அவள் பெயர் எழுதிய நினைவுப் பலகை புத்தர் காலடியில் இருந்தது. அதற்கு எதிரிலேயே அந்தச் சனியன் டிக் டிக் என்றால் எவனுக்குத்தான் பொறுக்கும்?

"அது போக வேண்டும் குருவே. இல்லையென்றால் நான் போகிறேன்."

குரு டோகான் சிரித்தார். "கடிகாரம் மட்டும் போதுமா?"

"கடல் தாண்டி வந்தது எதுவுமே வேண்டாம்!"

அன்று குளிர்காலத்தின் கடைசி நாள். வறுத்த சோயாவை வீசி, "பேயே, வெளியே போ!" என்று கத்திக் கதவைச் சாத்துவது ஊர் வழக்கம். குரு சோயாப் பெட்டியை நீட்டினார்.

"பேய் கிடக்கட்டும். இப்போது சொன்னாயே, அதைச் சொல்லி வீசு."

ரியோகெய் கை நிறைய அள்ளினான். "கடல் தாண்டி வந்ததெல்லாம் வெளியே போ!"

டிக் டிக் நின்றது. அப்பாடா! படாரென்று கதவைச் சாத்தினான்.

ஊதுபத்தி புகைந்தது. வாசனை இல்லை. மணியை அடித்தான். சத்தம் வரவில்லை. அண்ணாந்து பார்த்தால், பீடத்தில் புத்தர் உட்கார்ந்திருந்த இடம் மட்டும் தூசியில்லாமல் தெரிந்தது.

"அவர் இந்தியாவில் பிறந்தவர்," என்றார் குரு. "சீனத்தில் தங்கி, கொரியாவில் தங்கி, மெல்ல வந்து சேர்ந்தார்."

ரியோகெய் பாய்ந்து பலகையை எடுத்தான். வெறும் மரம்.

"ஐயோ, என் தங்கை பெயர் எங்கே?"

"எழுத்தும் சீனத்திலிருந்து கப்பலேறி வந்ததுதான். போகச் சொன்னாய், போய்விட்டது."

"திரும்ப எழுதித் தாருங்கள் குருவே! உங்கள் காலில் விழுகிறேன்."

குரு தூரிகையை மையில் தோய்த்துக் காட்டினார். நுனி வெள்ளையாகவே இருந்தது.

அப்போது கதவில் ஏதோ உரசியது. வெளியே கேட்ட காலடி ஒருவருடையது இல்லை, பலருடையது. அவர்களுக்கு நடுவே டிக் டிக் என்று கேட்டது. கூடவே ஒரு சின்னப் பெண் தண்ணீர் கேட்டாள்.

ரியோகெய் தாழ்ப்பாளில் கை வைத்தான். "குருவே, யார் வந்திருக்கிறார்கள்?"

"புதிதாக யாரும் வரவில்லை," என்றார் குரு. "நீ கதவைச் சாத்தும்வரை உன்னோடு உள்ளே இருந்தவர்கள்தான்."