இன்னொரு கால் பாக்கி

பரமகுருவுக்குப் பெயரிலேயே குரு இருந்தது. இருந்து என்ன, ஐம்பத்திரண்டு வயதில் அவர் போய்ச் சீடனாகச் சேர்ந்தார். அதுவும் தன்னைவிட எட்டு வயது இளையவரான டாக்டர் எஸ்தரிடம்.

தெற்குச் சீமையில் முட்டி மாற்று அறுவை என்றால் பரமகுருதான். தேய்ந்த முட்டியை எடுத்துவிட்டுச் செயற்கை முட்டி பொருத்துவதில் அவர் தனக்கென்று ஒரு முறை வைத்திருந்தார். முட்டிச் சில்லைச் சுற்றியிருக்கும் தசையை மற்றவர்களைவிட இறுக்கித் தைப்பார். நோயாளி மறுநாளே எழுந்து நடப்பார். பார்க்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். அந்த முறை நல்லது என்று ஆராய்ச்சி செய்து நிரூபித்துப் பட்டம் வாங்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. டாக்டர் எஸ்தர் எலும்பு மருத்துவத் துறையின் தலைவர். அவர் கையெழுத்துப் போட்டால்தான் ஆய்வேடு பல்கலைக்கழகத்துக்குப் போகும்.

மூன்று வருஷம் ஓடிற்று. ஒரு மத்தியான வேளையில் பரமகுரு தடித்த ஆய்வேடு ஒன்றைக் கொண்டுவந்து எஸ்தரின் மேசைமேல் வைத்தார்.

"முடிஞ்சுது மேடம்."

"என்ன தெரிஞ்சுது?"

"என் முறை நல்ல முறைன்னு தெரிஞ்சுது. அறுவை முடிஞ்சு போனவங்க ஒவ்வொருத்தரையும் திரும்பக் கூப்பிட்டு நானே கேட்டேன். வலி இருக்கா, நடக்க முடியுதா, படி ஏற முடியுதா, எல்லாம் கேட்டாச்சு. எல்லாரும் நல்லா இருக்காங்க."

"ஒருத்தர்கூடக் குறை சொல்லலையா?"

"ஒருத்தர்கூட இல்ல." சொல்லும்போதே அவர் நெஞ்சு நிமிர்ந்தது.

"கல்யாண வீட்டுச் சாப்பாட்டுலயே நாலு பேராவது ரசத்துல உப்பு இல்லன்னு சொல்றாங்க. உங்க முட்டியைப் பத்தி யாரும் ஒண்ணும் சொல்லலையா?"

பரமகுருவுக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷம் கத்தி பிடித்த கையை இப்படி ஒரு ரசத்தோடு சேர்த்துப் பேசுவார்கள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

"என்னைச் சந்தேகப்படுறீங்களா மேடம்?"

"உங்களை இல்ல. கிடைச்ச பதிலை."

"அப்படின்னா இப்பவே கேட்டுடலாம். வார்டுல செல்லத்தாய்னு ஒரு அம்மா இருக்காங்க. வலது முட்டி ரெண்டு வருஷம் முன்னாடி நான் போட்டது. நாளைக்கு இடது முட்டி. அதையும் என் முறையிலதான் பண்ணப் போறேன். பார்க்கறதுக்கு வெளியூர்லேருந்து டாக்டருங்க வர்றாங்க."

எஸ்தர் ஆய்வேட்டைத் திறக்காமலே ஓரமாக நகர்த்தி வைத்தார்.

"வலது சரியில்லன்னா இடதும் அதே மாதிரி ஆயிடும். போய்க் கேட்டுட்டு வாங்க. ஆனா கத்தியைக் கீழ வெச்சிட்டுக் கேளுங்க."

வார்டில் செல்லத்தாய் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அறுபதை ஒட்டிய வயது. சந்தையில் கருவாடு விற்கிறவள். டாக்டரைக் கண்டதும் அவசர அவசரமாக முந்தானையைச் சரிசெய்துகொண்டு கும்பிட்டாள்.

"வலது கால் எப்படி இருக்கும்மா?"

"ஒங்க புண்ணியத்துல நல்லா இருக்குய்யா."

"வலி?"

"இல்லய்யா."

"படி ஏறுறீங்களா?"

"ஏறுதேன் ஐயா. மூணு மாடியும் ஏறிருவேன்."

பரமகுரு திரும்ப நடந்தார். பாதி வழியில் மேடம் சொன்னது ஞாபகம் வந்தது. கத்தியைக் கீழே வைப்பது என்றால்? கையில் கத்தி எங்கே இருக்கிறது? ஒருவேளை இந்த வெள்ளைக் கோட்டைத்தான் சொல்கிறாரோ என்று கோட்டைக் கழற்றிக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டார். ஸ்டெதஸ்கோப்பையும் பைக்குள் திணித்தார். மறுபடி போய், இந்த முறை கட்டில் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சொந்தக்காரர் போலக் குரலைத் தாழ்த்திக் கேட்டார். செல்லத்தாய் பதறிப் போனாள். டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்தால் ஏதோ பெரிய வியாதி என்றல்லவா அர்த்தம்! முன்பு ஒரு தரம் சொன்ன 'நல்லா இருக்கு' என்பதை இப்போது மூன்று தரம் சொன்னாள்.

பரமகுரு எஸ்தரிடம் வந்தார். குரலில் வெற்றி இருந்தது.

"கேட்டாச்சு மேடம். கோட்டைக்கூடக் கழற்றி வெச்சிட்டுத்தான் கேட்டேன். நல்லா இருக்குங்கறாங்க."

"கோட்டு சரி. நாளைக்கு ஆபரேஷன் தியேட்டர் போர்டுல யார் பேர் போட்டிருக்கு?"

"என் பேர்தான்."

எஸ்தர் மேசைப் பக்கம் திரும்பினார். எதிரில் இருந்த எக்ஸ்ரே ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்க்கத் தொடங்கினார்.

பரமகுரு நின்றார். நின்றுகொண்டே இருந்தார். வரப்போகும் டாக்டர்களின் முகங்கள் அவர் கண்ணுக்குள் வந்துபோயின. அவர்களுக்கு என்ன சொல்வது? ஊரெல்லாம் சொல்லிவைத்த காரியம். அந்த அம்மாவே நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டாள், இதற்குமேல் எதற்குத் தோண்ட வேண்டும் என்று ஒரு மனம் சொன்னது. வலது சரியில்லாவிட்டால் நாளைக்கு இடதையும் கெடுத்துவிடுவோமே என்று இன்னொரு மனம் விடாமல் அரித்தது. அந்த அரிப்பு அவருக்குப் புதிது. அது அவருக்குப் பிடிக்கவே இல்லை.

"போர்டுல உங்க பேரைப் போட்டுடுங்க மேடம்," என்று சொல்லிவிட்டு மூன்றாம் முறையாக வார்டுக்குப் போனார்.

"அம்மா, நாளைக்கு ஆபரேஷன் நான் பண்ணல. எஸ்தர் மேடம் பண்ணுவாங்க. அவங்க வழக்கமா பண்ற மாதிரி பண்ணுவாங்க."

செல்லத்தாயின் முகம் மாறியது. "ஏன்யா? தள்ளிப் போட்டுருவாங்களோ?"

"தள்ளிப் போட மாட்டாங்க. நாளைக்கே நடக்கும். யார் என்ன சொன்னாலும் நிக்காது. அதுக்கு நான் பொறுப்பு."

"நெசமாவா?"

"சத்தியமா."

செல்லத்தாய் வாசலைப் பார்த்தாள். பக்கத்துக் கட்டிலைப் பார்த்தாள். பிறகு தன் வலது முட்டியை மெல்லத் தடவினாள்.

"ஏறிருதேன் ஐயா. இறங்குததுதான் பெரும்பாடு. முட்டிச் சில்லு புடிச்சு இழுக்கும், உயிரே போவும். நாங்க மூணாவது மாடியில இருக்கோம். கருவாட்டுக் கூடைய முதல்ல மருமவன் இறக்கிருவாரு. பெறவு நான் ஒவ்வொரு படியா உக்காந்து உக்காந்து இறங்குவேன். சின்னப் புள்ளைக இறங்குமே, அப்படி."

"எப்பலேருந்து?"

"ஆபரேசன் பண்ணி வீட்டுக்குப் போன நாள்லேருந்து."

படி ஏற முடிகிறதா என்று பரமகுரு எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறார். ஏறினவர்கள் இறங்கவும் வேண்டும் என்பது ஒருநாளும் அவர் புத்தியில் உறைக்கவில்லை.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா."

"எப்படிய்யா சொல்லுவேன்?" செல்லத்தாய் கூச்சத்தோடு சிரித்தாள். "நீங்க மனசு சங்கடப்பட்டுட்டீங்கன்னா? இன்னொரு கால் பாக்கி இருந்துச்சே."

பரமகுரு எஸ்தரின் அறைக்கு வந்தபோது சாயங்காலம் ஆகியிருந்தது. நாற்காலியில் உட்கார அவருக்கு மனம் வரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார்.

"அந்த இறுக்கத்தைத் தளர்த்திடலாம்," என்றார் எஸ்தர். "இடது ஆறட்டும், பிறகு வலதைப் பார்ப்போம். ரெண்டுக்கும் நீங்க என் பக்கத்துல நில்லுங்க."

"நிக்கிறேன் மேடம். ஆனா ஒருத்தர்கிட்ட உண்மையை வாங்க ஒரு ஆபரேஷனையே விட்டுக்கொடுக்க வேண்டியதாப் போச்சு. மத்தவங்ககிட்ட எதை விட்டுக்கொடுத்துக் கேப்பேன்? எல்லாருக்கும் நான்தானே டாக்டர்?"

எஸ்தர் பேனாவை எடுத்தார். ஆய்வேட்டைத் தன் பக்கம் இழுத்தார். முதல் பக்கத்தைப் புரட்டிக் கையெழுத்துப் போட்டார். முத்திரையும் குத்தினார். பிறகு அதை அவர் பக்கமாக நகர்த்தினார்.

பரமகுருவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்ன மேடம் இது? இதுல இருக்கிறது சரியில்லன்னு இப்பத்தானே தெரிஞ்சுது?"

"அனுப்புறதும் அனுப்பாததும் உங்க இஷ்டம். இனிமே என்கிட்ட உங்களுக்கு ஆகவேண்டியது ஒண்ணுமில்ல. இப்பச் சொல்லுங்க. இந்த மூணு வருஷம் நான் உங்களுக்கு எப்படிச் சொல்லிக்கொடுத்தேன்?"

"ரொம்ப நல்லா..." என்று ஆரம்பித்த பரமகுரு சட்டென்று நிறுத்தினார்.

அவர் கண் அந்தக் கையெழுத்தின் மேல் விழுந்தது. மை இன்னும் காயவில்லை. உள்ளே எங்கிருந்தோ ஒரு கோபம் கிளம்பி வந்தது. அப்படி ஒன்று தனக்குள் இருந்தது அவருக்கே அதுவரை தெரியாது.

"நல்லாச் சொல்லிக்கொடுக்கல மேடம். நானே அறுத்துட்டு நானே கேக்கறேன்னு முதல் வருஷமே உங்களுக்குத் தெரியும். அப்பவே என் கையைப் பிடிச்சுத் தடுத்திருக்கணும். தடுத்திருந்தா அந்தம்மா படியில உக்காந்து இறங்குறது இத்தனை நாள் நமக்குத் தெரியாம இருந்திருக்காது."

சொல்லி முடித்ததும் அவருக்கு வியர்த்துவிட்டது. மூன்று வருஷத்தில் அந்த அறையில் அவர் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

எஸ்தர் மறுக்கவில்லை. "தெரியும்," என்றார். "நீங்க மூத்தவர், பேர் வாங்கினவர். சொன்னா கோவிச்சுக்கிட்டுப் போயிருவீங்களோன்னு பேசாம இருந்துட்டேன். தப்புதான்."

பரமகுரு கையெழுத்து இருந்த பக்கத்தைப் பிரித்து எடுத்து இரண்டாகக் கிழித்தார். கூடையில் போட்டுவிட்டு, அன்றைக்கு முதல் தடவையாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"முதல்லேருந்து ஆரம்பிப்போம் மேடம். ஆனா மத்தவங்ககிட்ட யார் கேக்கறது?"

"நான் கேக்கறேன்," என்றார் எஸ்தர். "அவங்க உங்களை மனசாரத் திட்டட்டும். நீங்க வெளியில போய் டீ குடிச்சிட்டு வாங்க."