முகம் எழுதிய சீலை

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். உரக்கச் சொல்கிற கதை இல்லை இது. கூச்சமாக இருந்தால் தலையைக் குனிந்துகொண்டு கேளுங்கள், காதுக்குக் கூச்சம் கிடையாது.

கடலோரத்தில் நண்டுப்பட்டணம் என்று ஓர் ஊர் இருந்தது. அந்த ஊரில் ஒரு வழக்கம். பெண்ணைக் கட்டிக்கொடுக்கும்போது அவளுடைய பெட்டியில், புடவைக்கெல்லாம் அடியில், சுருட்டின சீலை ஒன்றைத் தாய்க்காரி வைத்துவிடுவாள். வைத்தேன் என்று சொல்லமாட்டாள். மகளும் இது என்ன என்று கேட்கமாட்டாள். அதில் ஓர் ஆணும் பெண்ணும் துணியில்லாமல் சேர்ந்திருக்கிற மாதிரி படம் எழுதியிருக்கும். உடம்பை எழுதுவார்களே தவிர முகத்தை எழுதமாட்டார்கள். முகம் வரவேண்டிய இடம் வெறுந்துணியாக இருக்கும். பார்க்கிற இரண்டு பேரும் அவரவர் முகத்தை அங்கே வைத்துப் பார்த்துக்கொள்வார்களாம். பார்த்தபிறகு சுருட்டிப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிடுவார்கள். அரண்மனைப் பெட்டியிலும் ஒன்று உண்டு என்று அங்கே சமைக்கிறவள் சொல்வாள், நமக்கெதற்கு.

அந்த ஊரில் குஞ்சரம் என்று ஒரு மீன்காரி. கூடையை இறக்கி அவள் ஒரு குரல் கொடுத்தால் போதும், கடைத்தெருவைச் சுற்றியிருக்கிற வீடெல்லாம் அடுப்பு மூட்டும். ஒருநாள் காலை அவள் தெருவுக்குள் நுழைந்ததும் பேச்சு அடங்கிப்போயிற்று. இரண்டு பேர் வாயைத் துண்டால் மூடிக்கொண்டு சிரித்தார்கள். என்னடா என்று நிமிர்ந்து பார்த்தாள். சீலை எழுதி விற்கிற சோணாசலத்தின் கடைவாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு புதுச் சீலை தொங்கியது. அதில் துணியில்லாமல் நின்றவளுக்கு முகம் இருந்தது. குஞ்சரத்தின் முகம், வலது புருவத்தில் இருக்கிற வெட்டுத் தழும்போடு.

கூடையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவள் பத்து நாள் வெளியே வரவில்லை.

பதினோராம் நாள் ராஜாவிடம் போனாள். அவளுக்கு முன்னால் ஒரு துடுப்புத் திருட்டு வழக்கு நடந்தது. எடுத்தவன் கடைத்தெருவில் நின்று "கேட்காமல் எடுத்தேன்" என்று மூன்று தரம் தன் வாயால் கூவ வேண்டும், பொருள் உடையவன் கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. அடுத்தது குஞ்சரத்தின் முறை. அத்தனை ஆண்கள் நிற்கிற சபையில் அது என் முகம் என்று எப்படிச் சொல்வது? கடைத்தெருவில் அம்மணப் படம் தொங்குகிறது, நடமாட முடியவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

ராஜா நல்லவர், ஆனால் அவசரக்காரர். கடையிலோ வீட்டிலோ அம்மணப் படம் வைத்திருப்பவர்கள் ஊரைவிட்டுப் போக வேண்டும் என்று உத்தரவு போட்டார். காவல்காரன் கருங்கண்ணன் சோணாசலத்தின் சீலையைப் பிடுங்கினான். அதே வேகத்தில், கல்யாணமாகி ஒரு மாதமே ஆன வேலப்பன் வீட்டுக்குள் புகுந்து, பெட்டியின் பூட்டை உடைத்து, அந்தச் சீலையையும் தோளில் போட்டுக்கொண்டு வந்தான்.

எல்லோரையும் சபையில் நிறுத்தினார்கள். துணி என் துணி, மை என் மை, பிடிக்காதவர்கள் கண்ணைத் திருப்பிக்கொள்ளட்டும் என்றான் சோணாசலம். கதவைச் சாத்திக்கொண்டு நாங்கள் இரண்டு பேர் பார்த்ததில் யாருக்கு என்ன கெட்டுப்போயிற்று என்று வேலப்பன் கேட்டான். அவன் பெண்டாட்டி சின்னநாச்சி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். உத்தரவில் வீடு என்றும் இருக்கிறதே, நான் என்ன பண்ணட்டும் என்று கருங்கண்ணன் கையை விரித்தான்.

ராஜா குஞ்சரத்தைப் பார்த்தார்.

"நீ கேட்டுத்தானே அம்மா உத்தரவு போட்டேன். அது அப்படியே இருந்தால் இந்தப் பிள்ளைகளும் ஊரைவிட்டுப் போகணும். எடுத்துவிட்டால் அவனும் நாளைக்கே சீலையைத் தொங்கவிடுவான். ஆளுக்கொரு சட்டம் என்னிடம் இல்லை. எது வேணும், நீயே சொல்லு."

குஞ்சரம் சின்னநாச்சியைப் பார்த்தாள். உத்தரவு இருக்கட்டும் என்றால் இந்தப் பெண் தெருவுக்கு வந்துவிடுவாள். வேண்டாம் என்றால் தான் தெருவில் தொங்க வேண்டும்.

"உத்தரவை எடுத்துடுங்க ராஜா," என்றாள்.

சோணாசலம் வாய்விட்டுச் சிரித்தான். ஆனால் அவள் அதோடு நிறுத்தவில்லை, இன்னும் ஒரு பேச்சு பேசினாள். அதைக் கேட்டதும் அவன் சிரிப்பு பாதியில் நின்றது. புதுச் சட்டம் எதுவும் போடாமலே வேலப்பனும் சின்னநாச்சியும் தங்கள் சீலையோடு வீடு போனார்கள், சோணாசலம் மாட்டிக்கொண்டான்.

குஞ்சரம் சொன்னது என்ன? சோணாசலம், வேலப்பன், கருங்கண்ணன், இந்த மூன்று பேரில் நியாயம் யார் பக்கம்?

யோசித்தீர்களா? சரி, சொல்கிறேன். அவள் வெட்கத்தை விட்டு முகத்தை நிமிர்த்தி, தழும்பு எல்லோருக்கும் தெரிகிற மாதிரி நின்றாள். "துணி இல்லாதது பத்தி எனக்கு வழக்கில்லை. இது திருட்டு வழக்கு. அந்த முகம் என்னோடது, என்னைக் கேக்காம எடுத்துட்டான். கண்ணைத் திருப்பிக்கோ என்கிறான், நான் என் முகத்தை எங்கே திருப்பி வைக்க?" என்றாள். வேலப்பன் பக்கம்தான் நியாயம். அவர்கள் சீலையில் முகமும் இல்லை, அதனால் என் முகம் என்று கேட்டு வர ஆளும் இல்லை. கருங்கண்ணன் உத்தரவைப் படித்தானே தவிர, உடைப்பது யாருடைய பூட்டு என்று பார்க்கவில்லை. சோணாசலம் துணியும் மையும் தன்னுடையது என்றது மெய், முகம்தான் அவனுடையது இல்லை. அதனால் துடுப்பை எடுத்தவனைப் போலவே அவனும் கடைத்தெருவில் நின்று மூன்று தரம் கூவினான். குஞ்சரம் இடுப்பிலிருந்த மீன்கத்தியை எடுத்து, சீலையில் தன் முகத்தை மட்டும் வட்டமாக அறுத்து மடியில் செருகிக்கொண்டு, ஓட்டை விழுந்த மிச்சத்தை ஒழுங்காக மடித்து அவன் கையிலேயே கொடுத்தாள்.