கோப்பையும் லேசான ஃப்ளைவீலும்

மெக்கானிக் பொன்னுரங்கத்துக்கு முதலில் துரோகம் செய்தவர் மில் முதலாளி கோவர்த்தனன்தான். அவருடைய குட்டி ஸ்போர்ட்ஸ் காருக்கு சட்டென்று வேகமெடுக்க, இன்ஜினோடு சுழலும் ஃப்ளைவீல் சக்கரத்தை எடை குறைந்ததாக மாட்டியது பொன்னுரங்கம். பந்தயத்தில் டிரைவர் ஓட்டி ஜெயித்ததும், “நானே மாட்டினேன்” என்று சிறந்த மெக்கானிக்குக்கான கோப்பையையும் வாங்கிக்கொண்டு போனவர் முதலாளி.

லேசான ஃப்ளைவீலுக்கு ஆக்சிலேட்டர் கொடுத்துத்தான் கிளட்சை விடவேண்டும். முதலாளி பழைய கார் பழக்கத்தில் ஆக்சிலேட்டர் கொடுக்காமலே கிளட்சை விட்டார். கிளப் வாசலில் எல்லோர் முன்னாலும் இன்ஜின் அணைந்து அணைந்து வண்டி நின்றுபோனது. பொன்னுரங்கத்தை வரவழைத்தார்.

“எவன்டா இதை மாட்டினது? வேகமும் குறையக்கூடாது, வண்டியும் நிக்கக்கூடாது. இல்லேன்னா என் கட்டடத்துல இருக்கற உன் ஒர்க்‌ஷாப்பைக் காலி பண்ணு!”

“நீங்க மாட்டினதுன்னா நான் கை வைக்கறது மரியாதை இல்லீங்க முதலாளி. நான் மாட்டினதுன்னு இவங்ககிட்டச் சொல்லுங்க, இப்பவே ஓட்டிக் காட்டறேன்.”

கிளப்பே சிரித்தது. முதலாளி காரைத் தள்ளச் சொல்லி வீட்டுக்குப் போனார். ஒர்க்‌ஷாப் பேச்சை அதோடு விட்டுவிட்டார். கோப்பை மட்டும் இன்னும் அவர் வீட்டு ஷோகேஸில்தான் இருக்கிறது. பொன்னுரங்கத்திடம் வந்து சேரவில்லை.