யானைக்கு விழுந்த மதிப்பெண்

நெடுமணல் நாட்டு ராஜா பூபாலதேவருக்குத் திடீரென்று தர்க்கப் பைத்தியம் பிடித்துக்கொண்டது.

அந்த நாட்டில் நீதிசாலை என்று ஒன்று உண்டு. சட்டம் படித்து வழக்காட ஆசைப்படுகிறவர்கள் அதில் சேர முதலில் ஒரு தர்க்கத் தேர்வு எழுத வேண்டும். மொத்தம் இருபத்து நான்கு கேள்விகள். 'இன்னது உண்மை, இன்னதும் உண்மை. அப்படியானால் எது நிச்சயம்?' என்று கேட்டுக் கீழே சில விடைகளைக் கொடுத்திருப்பார்கள். கேள்விக்கு ஓர் ஓலை; சரியானதன் எண்ணை அதில் எழுத வேண்டும். பழைய கேள்விக்கட்டு ஒன்று எப்படியோ ராஜா கையில் சிக்கியது. அதோடு அரண்மனையில் எல்லாருடைய நிம்மதியும் போயிற்று.

மேகம் கறுத்ததைப் பார்த்து, காயப்போட்ட வடகத்தை எடுக்க ஓடினார் சமையற்காரர். ராஜா வழிமறித்தார்.

"மேகம் கறுத்தால் மழை வந்தே தீருமா? யோசித்துச் சொல்."

அவர் யோசித்து முடிப்பதற்குள் வடகம் நனைந்து கூழாகிவிட்டது.

"மூன்று நாளாக என்னோடு பேசவில்லையே, கோபமா?" என்று கேட்டாள் மகாராணி. "பேசாததற்கு வேறு காரணமும் இருக்கலாம். அவசர முடிவு கூடாது" என்றார் ராஜா. அன்று மதியம் அவருக்குச் சாப்பாடு வரவில்லை. ஏன் என்று கேட்டு ஆள் அனுப்பினார். "வராததற்கு வேறு காரணமும் இருக்கலாம்" என்று பதில் வந்தது.

அதோடாவது விட்டாரா? மறுநாள் சபையில் அறிவித்தார்.

"இந்த வருஷம் தேர்வை நானும் எழுதுகிறேன். என்னைவிட ஒரு மதிப்பெண் குறைந்தவருக்கும் நீதிசாலையில் இடமில்லை!"

சபையில் விகடம் பேசும் மாசிலாமணிக்குக் கவலை வந்துவிட்டது. காரணம், செங்கமலம். ஆற்றில் ஓடம் விடுகிறவள். வழக்காடத் தெரியாமல் அவள் அப்பா இருந்த நிலத்தை இழந்தார். அன்றிலிருந்து இரண்டு வருஷமாக இந்தத் தேர்வுக்குப் படிக்கிறாள். ஓடத்தில் ஏறுகிறவர்களிடம் ஒரு கேள்வி போடுவாள். தப்பாகச் சொன்னால் இன்னொரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் கரை சேர்ப்பாள். இதனாலேயே மாசிலாமணி பல நாள் சபைக்குத் தாமதமாக வந்திருக்கிறார். தேர்வை ஒருவர் ஒருமுறைதான் எழுதலாம். இதில் போனால் போனதுதான்.

தேர்வு நடந்தது. ஓலைகளைத் திருத்தியவர் அரண்மனைப் பண்டிதர் தர்க்கபூஷணம் ஏகாம்பரனார்.

"மகாராஜா இருபத்து நான்குக்கு இருபத்து நான்கு!" என்று முழங்கினார். "அடுத்தபடி செங்கமலம், இருபத்து மூன்று."

அப்படியானால் ஒருவருக்கும் இடமில்லை. செங்கமலம் கும்பிட்டுவிட்டு வாசலைப் பார்த்து நடந்தாள். பார்த்தவர்களுக்கு மனசு கனத்தது. ராஜாவுக்கே சங்கடம்தான். ஆனால் முழு மதிப்பெண் இனிக்காமலா இருக்கும்?

"மகாராஜா, எனக்கு ஒரு பயிற்சிக் கேள்வி விளங்கவில்லை" என்று எழுந்தார் மாசிலாமணி.

ராஜாவின் கண்கள் பளிச்சிட்டன. "கேள், கேள்!"

"ஒரு மாமியார் பாயசம் வைத்தாள். நன்றாயில்லை என்று சொல்லும் மருமகனுக்கு அந்த வீட்டில் மறு விருந்தே கிடையாது. மருமகன் 'பாயசம் பிரமாதம்' என்றான். எது நிச்சயம்? ஒன்று, பாயசம் நன்றாயிருந்தது. இரண்டு, நன்றாயில்லை. மூன்று, மருமகன் பேச்சை வைத்துப் பாயசத்தைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது."

"மூன்று!" ராஜா தொடையைத் தட்டினார். "பாயசம் எப்படி இருந்தாலும் அவன் பிரமாதம் என்றுதானே சொல்லியிருப்பான்!"

"ஆகா! நூற்றுக்கு நூறு சரி, மகாராஜா!" என்று துள்ளினார் ஏகாம்பரனார்.

மாசிலாமணி அவரை ஒருமுறை பார்த்தார். "மருமகன் பேசிவிட்டார், மகாராஜா" என்றார் மெதுவாக.

ராஜாவின் முகம் மாறியது.

"என் ஓலைகளைக் கொண்டு வாருங்கள்."

பதினேழாம் ஓலையை எடுத்ததும் அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அதில் விடையே இல்லை. யோசித்துப் பார்த்தும் விடை தெரியாததால், கை சும்மா இருக்காமல் அன்று ஒரு யானை வரைந்து வைத்திருந்தார்; முழு மதிப்பெண் மயக்கத்தில் அதை மறந்தே போயிருந்தார். யானைக்கு மதிப்பெண் விழுந்திருந்தது. பக்கத்திலேயே 'நுட்பமான விடை' என்ற பாராட்டு வேறு.

"செங்கமலத்தைக் கூப்பிட்டுத் திருத்தச் சொல்லலாமா?" என்றார் மாசிலாமணி.

"நில். என் மதிப்பெண் குறைந்தால் அவளுக்கு லாபம். அவள் பேச்சையும் நம்ப முடியாது. நீ அவள் ஓடத்தில் வருகிறவன், நீயும் ஆகாது."

"பின்னே யாரை நம்புவது?"

ராஜா நெற்றியைத் தேய்த்தார். "குறைத்துச் சொன்னால் யாருக்கு நஷ்டமோ, அவன் குறைத்துச் சொன்னால் நம்பலாம்." சட்டென்று நிமிர்ந்தார். "அட, அது நான்தான்!"

தேர்வுக்கு முன்பே முத்திரையிட்டு வைத்த விடைச்சுவடியைப் பிரித்தார். சபை பார்த்திருக்க ஒவ்வொரு ஓலையாகத் தானே திருத்தினார். கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பதினான்கு" என்றார்.

"இல்லை மகாராஜா, இருபத்து நான்..."

"மருமகனே, உட்காரும்!"

சபை குலுங்கிச் சிரித்தது. எல்லாரையும்விடப் பெரிதாகச் சிரித்தவர் ராஜாதான். பதினான்கும் அதற்கு மேலும் வாங்கிய பன்னிரண்டு பேருக்கும் இடம் கிடைத்தது. முதல் பெயர் செங்கமலம். ஏகாம்பரனாருக்கும் இடம் கிடைத்தது, முதல் வகுப்பில், முன்வரிசையில். மாசிலாமணியின் கழுத்தில் ராஜாவின் முத்துமாலை ஏறியது.

வாசலிலிருந்து அழைத்து வரப்பட்ட செங்கமலம் சேர்க்கை ஓலையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ராஜா கூச்சத்தோடு பதினேழாம் ஓலையை அவளிடம் நீட்டினார்.

"விடை போகட்டும். யானை எப்படி?"

செங்கமலம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "தும்பிக்கைதான் கொஞ்சம் கோணலா இருக்கு மகாராஜா. மத்தபடி நல்ல யானை."

ராஜா சந்தேகத்தோடு மாசிலாமணி பக்கம் திரும்பினார். "இதை நம்பலாமா?"

"தாராளமாக நம்பலாம், மகாராஜா. சேர்க்கை ஓலை கைக்கு வந்தாயிற்று. இனிமேல் அவளுக்கு உங்களால் ஆகவேண்டியது ஒன்றுமில்லை."