கொண்டலாத்தி கொண்டையை விரித்த கதை

பறவைகள் பேசித் திரிந்த அந்தக் காலத்தில், கொண்டலாத்தியின் கொண்டை எப்போதும் படிந்தே கிடக்கும். வாய் மட்டும் ஓயாது. வானத்து வெள்ளியில் வாழ்கிறவர்களைப் பற்றிக் கதை கட்டும். அவர்கள் நூவம் என்ற ஒன்றில் ஏறி விண்மீனுக்கு விண்மீன் தாவுவார்களாம்.

ஏரிக்கரைப் பொட்டலில் நாலு முட்டைகளை அடைகாத்த ஆட்காட்டிக்கு அந்தக் கதைகள் என்றால் உயிர். ஒருநாள் கொண்டலாத்தி, "பிறங்கி புறப்பட்டுவிட்டது. நிழல்களைத் தின்றபடி வருகிறது" என்றது. ஆட்காட்டி மிரண்டுபோய், நிழல் விழாதபடி பகல் முழுக்கத் தரையோடு ஒட்டிக் கிடந்தது. தண்ணீர் குடிக்கக்கூட எழவில்லை.

"பிறங்கியாவது கிறங்கியாவது! அது கதையில் வருகிற மிருகம்" என்று நாரை சிரித்தது.

அதற்குப் பிறகு கொண்டலாத்தி நண்டு என்று சொன்னாலும், நாரையிடம் கேட்டுவிட்டுத்தான் ஆட்காட்டி நம்பும்.

அந்தக் கோடையில் பொட்டலை ஒட்டி ஓடிய ஆறு வற்றியது. இக்கரையில் யாருமே பார்த்திராத ஒரு பிராணி அக்கரையிலிருந்து ஊர்ந்து வந்தது. அக்கரைவரை போய் அதைப் பார்த்திருந்த கொண்டலாத்தி மட்டும் பறந்தோடி வந்தது.

"அக்கா, உடும்பு வருகிறது!"

"என்ன வருகிறது?"

"உடும்பு. பிளந்த நாக்கு. முட்டை தின்னும். சேர்ந்து கத்தினால் விரட்டிவிடலாம்."

"அன்றைக்கு நிழல் தின்றது, இன்றைக்கு முட்டை தின்கிறதா?"

"சத்தியமாக இது நான் கட்டிய சொல் இல்லை."

"அதையும் நீதானே சொல்கிறாய்" என்று சொல்லிவிட்டு, முட்டைகளைக் குளிர்விக்க வயிற்றிறகை நனைத்துவர ஆட்காட்டி ஏரிக்குப் போய்விட்டது.

திரும்பி வந்தபோது கொண்டலாத்தி தனியாக உடும்பின் தலையைக் கொத்திக்கொண்டிருந்தது. அதன் இறக்கையில் ரத்தம். முட்டைகள் இரண்டுதான் மிச்சம். ஆட்காட்டி அலறிய அலறலில் உடும்பு புதருக்குள் ஓடியது.

ஆட்காட்டி மிச்ச இரண்டையும் அலகால் அருகருகே தள்ளி வைத்தது.

"எது நிஜம், எது நீ கட்டியது என்று எனக்கு எப்படித் தெரியும்?" என்றது ஆட்காட்டி.

கதையை விட்டுவிடக் கொண்டலாத்திக்கு மனம் வரவில்லை. மெல்லக் கொண்டையை நிமிர்த்தி, இறகு இறகாக விரித்தது. "இல்லாத ஒன்றைச் சொல்லும்போது இப்படி விரிப்பேன். படிந்திருந்தால் நம்பு."

"மறந்துவிட்டால்?"

"மறக்க மாட்டேன், அக்கா."

ஆட்காட்டி மிச்ச முட்டைகள்மேல் உட்கார்ந்தது.

அன்று முதல்தான் கொண்டலாத்தி தரையில் இறங்கியதும் கொண்டையை விரிக்கிறது. கதை தொடங்கப்போகிறது என்று அதற்கு அர்த்தம். ஆட்காட்டியோ, வருவது எதுவானாலும் முதலில் கத்திவிட்டுத்தான் என்னவென்று பார்க்கிறது.